பிள்ளைகள் வரையாத முகப்பு

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு, பெரிய செய்தி, ரொம்பப் பெரிய செய்தி, நம் இன்பமேரி டீச்சருக்குப் பள்ளிக்கூடம் தொடங்க அனுமதி வந்துவிட்டது, மரத்தடி வகுப்பு இல்லை, ட்யூஷன் இல்லை, பெயர்ப்பலகை மாட்டிய முழுப் பள்ளிக்கூடம், உன் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஜூன் மாதத்திலிருந்து தலைமை ஆசிரியை!

செய்தியைக் கொட்டிவிட்டு இப்போதுதான் நலம் கேட்கிறேன், உன் அப்பச்சி எப்போதும் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதே. நீ அங்கே ஐண்ட்ஹோவனில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கொத்தமங்கலத்தில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கத்திரி தொடங்கும் முன்பே வெயில் ஆளை உரிக்கிறது, கிணற்றில் தண்ணீர் மட்டும் இன்னும் இறங்கவில்லை. போன வாரம் காரைக்குடி போய் உன் கல்யாணப் புடவைக்கு நெசவுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம், நீ அனுப்பிய அந்தக் கத்திரிப்பூ நிறப் படத்தைக் காட்டினேன், செய்துவிடலாம் என்றார். நாலு வரிக்கு மேல் போனால் குரல் பதிவு போடுகிற ஆள் ஏன் இவ்வளவு நீளத்துக்குத் தட்டச்சு செய்து மெயிலில் அனுப்புகிறார் என்று உனக்குத் தோன்றும். காலையிலிருந்து குரல் பதிவுதான் போட்டுப் பார்த்தேன். திருப்பிக் கேட்டால் என் யூடியூப் சேனலில் "வணக்கம் மக்களே" என்று தொடங்குகிற அதே தொனி, வெட்கப்பட வேண்டியதைக்கூடக் குதித்துக்கொண்டே சொல்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிடாமல் கடைசி வரை படி, கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

டீச்சருக்கு நான் எப்பேர்ப்பட்ட ரசிகன் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். காரைக்குடிப் பள்ளியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, செங்கல் சூளையிலும் கல்குவாரி ஓரத்திலும் படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தப்போகிறேன், எங்கேயாவது நிழல் கிடைக்குமா என்று அவர் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் நான்தான். நம் வீட்டுப் பின்கட்டைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு வீடியோவும் போட்டேன். எடிட்டிங் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது, உனக்குத் தெரியும், டீச்சர் நடந்து வந்தால் மெதுவாக வருகிற மாதிரி, பின்னால் வீணை ஒலிக்கிற மாதிரி, அவர் சாக்பீஸை எடுத்தால்கூட ஒரு காட்சி. உன் அம்மா பார்த்துவிட்டு, "சினிமாக்காரவுகளுக்குக்கூட இப்பிடி பண்ண மாட்டாக, நீங்க டீச்சர் படத்துக்குப் பாலூத்தாத கொறதான்" என்று சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன். நம் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமை எதன் மேல் நின்றது என்று இப்போது சொல்கிறேன்.

நம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. இந்தப் பக்கம் முகப்பு, சுதைச் சிங்கம் இரண்டும், நடுவில் யானைகள் தண்ணீர் ஊற்றுகிற லட்சுமியும், உள்ளே நுழைந்தால் பூக்கல் பதித்த வளவு முற்றமும். வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பதும் ஷூட்டிங் நடப்பதும் அங்கே. அந்தப் பக்கம் பின்தெருவில் நீலக் கதவு, அதைத் திறந்தால் கிணறு, வரிசையாக ஆட்டுக்கல், சமையல் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கதவு. பிள்ளைகள் நீலக் கதவு வழியாக வந்து, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, நீலக் கதவு வழியாகவே போனார்கள். முதல் நாள் டீச்சர் அந்த நடுக்கதவைப் பார்த்து, மழை வந்தால் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கலாமா என்று கேட்டார். பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது டீச்சர், திறக்க வராது என்றேன். ரஞ்சனி, அது பொய். அந்தப் பூட்டுக்கு நம் காவலாள் சேவுகப்பெருமாள் வாரா வாரம் எண்ணெய் விடுகிறான். என் அண்ணன், உன் பெரியப்பச்சி, சொல்லித்தான் அப்படிச் செய்தேன் என்று உனக்கு எழுத முதலில் நினைத்தேன். அவர் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை. யாரும் சொல்வதற்கு முன்பே, நானாக, வாய்க்குத் தானாக வந்த அந்தப் பொய்யைச் சொன்னேன். யோசித்துச் சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யோசிக்கவே இல்லை, அதுதான் கூசுகிறது. மழைக்காலத்தில் சமையல் கொட்டகை ஒழுகி, பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றதைக்கூட, முகம் தெரியாமல், வீடியோ எடுத்தேன். "மழையிலும் நிற்காத படிப்பு" என்று தலைப்புப் போட்டேன். நீகூட அதற்கு இதயம் போட்டிருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி வகுப்பு. அனுமதி வந்த செய்தியை நேரலையில் சொல்லலாம் என்று ஏற்பாடு. பிள்ளைகள் முகத்தைக் காட்டக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம், அதனால் "எங்கள் பள்ளிக்கூடம்" என்று ஆளுக்கு ஒரு படம் வரையச் சொல்லி, அந்தப் படங்களை மட்டும் ஃபோனுக்கு முன்னால் காட்டுவது என்று வைத்திருந்தேன். நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உன் பெரியப்பச்சி மகன்கூட சென்னையிலிருந்து கை தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டினேன். எல்லாவற்றிலும் நீலக் கதவு, கிணறு, ஆட்டுக்கல். இருக்கிறது ஒரே ஒரு ஃபேன் என்பதால் ஒரு பயல் ஃபேனைக் கூரையைவிடப் பெரிதாக வரைந்திருந்தான். ஒரு படத்தில் டீச்சருக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஓர் ஆள், தலை இருக்க வேண்டிய இடத்தில் செல்ஃபோன். இது யாரு என்றேன். "நீங்கதான் சார், ஒங்க மூஞ்சிய நாங்க எங்க பாத்தோம், எப்பவும் அதுதான மூஞ்சில இருக்கு" என்று ஒரு குரல், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதுதான் உன்னோடு படித்த மெர்சி, கோலாலம்பூரில் இருக்கிறாளே, அவள் கமெண்டில் கேட்டாள், அங்கிள், சிங்கம் எங்கே, லட்சுமி எங்கே, ஒரு பிள்ளைகூட முகப்பை வரையவில்லையே என்று. நல்ல கேள்வி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. அந்த மடத்தனத்தை என்ன சொல்ல. கமெண்டைச் சத்தமாகப் படித்து, ஏம்ப்பா யாருமே வீட்டு முகப்பை வரையல என்று பிள்ளைகளிடமே கேட்டேன்.

மூன்றாம் வகுப்பு அக்ஷரா, சூளையில் கல் அறுக்கிற இருளாண்டி மகள், அவள்தான் சொன்னாள். "அது வேற வீடு சார். அங்குட்டு வெள்ளைக்காரவுக வருவாக, சினிமாக்காரவுக வருவாக. எங்க ஸ்கூலு இங்குட்டு." அதுவும் இதுவும் ஒரே வீடுதான் பாப்பா என்றேன், அப்போதும் சிரித்துக்கொண்டே. அவள் நம்பவில்லை. "ஒரே வீடுன்னா எதுக்கு நடுவுல பூட்டியிருக்கு?" அந்தப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சும்மா, தொறக்காது என்றேன், பழகின பொய் பழகின வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. "தொறக்கும் சார். ஷூட்டிங் அன்னைக்குத் தொறந்துச்சு, நாங்க கிணத்தடியில இருந்து பாத்தோம். சேவுகப்பெருமா தாத்தா எண்ணெ போட்டு டபக்குன்னு தொறந்தாக." இன்னொரு குரல், "ஒரு அக்கா அதுவழியா வந்து கிணத்துல மூஞ்சி கழுவிட்டுப் போனாக." அவ்வளவுதான். பிள்ளைகள் குத்திக்காட்டவில்லை, எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, பாவம் சாருக்கு விஷயம் தெரியவில்லை என்கிற மாதிரிச் சொன்னார்கள். கமெண்ட் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த கிரேயான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நெட் சரியில்லை மக்களே என்று இன்னொரு பொய்யைச் சொல்லி நேரலையை நிறுத்தினேன்.

நிறுத்தியவுடன் அந்த வீடியோவை நீக்கியும்விட்டேன். என் புத்தி எப்படிப் போகிறது பார். சாயங்காலம் டீச்சர் வந்தார். "நீக்கிட்டீகளாமே அண்ணே. பிள்ளைக வரைஞ்சதையும் சேத்துத்தான நீக்குனீக" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்கள் நாங்கள் மறைக்க நினைத்தது ஒன்று, அதோடு சேர்ந்து அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் முறையாக நாலு பேருக்குக் காட்டியதும் போயிற்று. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பூட்டு தொறக்கும்னு எனக்கு மொத வாரமே தெரியும். கேட்டா இருக்கிற எடமும் போயிருமோன்னு பேசாம இருந்தேன். பிள்ளைகளுக்குத் தல நிமிந்து பேசுன்னு சொல்லிக்குடுத்துட்டு நான் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு, ஒங்களுக்கு மட்டும் இல்ல" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன் ரஞ்சனி. நான் செய்ததற்கு அவர் வெட்கப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். பள்ளிக்கூடம் எந்த இடத்தில் நடக்கும் என்று வருகிற திங்கட்கிழமை அவர் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் மாற்றுவது லேசில்லை. நாச்சியாபுரத்தில் மூடிக்கிடக்கிற ஒரு ரைஸ்மில் கொட்டகையைப் பார்த்து வைத்திருக்கிறாராம். நான் போய்ப் பார்த்தேன், தகரக் கூரை, நின்ற பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது, சூளையிலிருந்து பிள்ளைகள் அவ்வளவு தூரம் ரோட்டைக் கடந்து நடக்கவும் வேண்டும், சின்னப் பிள்ளைகள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்று அவரே பயப்படுகிறார். டீச்சர் போகாதீக, நான் நடுக்கதவைத் திறக்கிறேன், முகப்பையும் திறக்கிறேன் என்றேன். என் குரலில் மறுபடி அந்தக் குஷி வந்திருக்கும்போல, அவர் சிரித்துவிட்டார். "தொறந்து ஒரு வீடியோ எடுப்பீக. அதுக்கு நாங்க வரல. தெனம் காலையில பிள்ளைக சிங்கத்துக்குக் கீழ நடந்து உள்ள வரணும், வளவுல ஒக்காந்து படிக்கணும், சாயங்காலம் அதே வாசல்ல வெளிய போகணும். யாரு வந்தாலும், யாரு வீட்டு விசேசம்னாலும் அந்த வாசல் அவுகளுக்கும் வாசல். அப்பிடின்னா நான் ஒங்க வீட்டு வெலாசத்த எழுதிக் குடுக்குறேன். இல்லன்னா ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல அண்ணே, கொட்டகைக்குப் போயிர்றோம்." இதுதான் அவர் கேட்டது, ஒரு சொல் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

வீடு எனக்கும் உன் பெரியப்பச்சிக்கும் சேர்ந்தது, அவர் சரி என்று சொல்லாமல் நான் ஒருத்தனாக முகப்பைத் திறந்துவிட முடியாது. நேரலையை யாரோ ரெக்கார்ட் பண்ணி வைத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கூப்பிட்டார். "டேய் காசி, எடங்குடுத்ததே பெரிசு, இப்ப வாசலும் கேக்குறாகளாக்கும். அது நம்ம வீட்டுக் கல்யாண வாசல்டா, பள்ளிக்கூட கேட்டு இல்ல." நான் டீச்சர் சொன்னதைச் சொன்னேன். அவர் சொன்னார், "தையில ரஞ்சனி கல்யாணம். மாப்ள வீட்டுக்காரவுக வந்து எறங்குற வாசல், அவளுக்குத் தாலி ஏறுற வளவு. சூளப் பிள்ளைக தெனம் பொழங்குற எடத்துலயா எனக்கு நடத்துறீகன்னு அவ கேட்டா நீ என்னடா சொல்லுவ? அவள நெனச்சுத்தான் சொல்றேன்." நான் உன்னிடம் கேட்கிறேன் என்றேன். "கேளு. அவ வாயால சரின்னுட்டா நான் குறுக்க ஒரு வார்த்த பேசல. அவ சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டார். ரஞ்சனி, அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும், நீ ஐண்ட்ஹோவன் போகும்போது ஏர்போர்ட்டில் என்னைவிட அதிகமாக அழுதவர். ஆனால் யோசித்துப் பார், இத்தனை நாள் துருவின் பெயரைச் சொல்லிப் பூட்டியிருந்தேன், இப்போது அந்தக் கதவு உன் பெயரைச் சொல்லிப் பூட்டியிருக்கிறது.

உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்பினால் அவள் என்னை ஒரு பிடி பிடித்தாள். "டீச்சரு டீச்சருன்னு ஊரெல்லாம் குதிச்சீக, பிள்ளைகள மட்டும் பொழக்கட வழியா விட்டீக. இதுல மூஞ்சிக்குப் பதிலா ஃபோன வரைஞ்சது தப்பா? அதுதான் படத்துலயே நெசமான படம்." பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க என்று தனியாக அடியில் சிவப்புப் பெயிண்ட் அடையாளம் வைத்த டம்ளர்கள் இருக்குமே, அதை ஒரு கூடை நிறைய எடுத்து வந்து, என் முன்னால் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்க ஆரம்பித்தாள். "நான் மட்டும் என்ன ஒழுங்கு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து தேய்த்தோம். சிவப்பு விரலிலெல்லாம் ஒட்டிக்கொண்டது, இந்தக் கடிதத்தைத் தட்டும்போதும் நகக்கண்ணில் தெரிகிறது. தேய்த்த டம்ளர்களை நம் டம்ளர்களோடு கலந்து வைத்துவிட்டாள், இப்போது எது எது என்று அவளுக்கே தெரியாது. நானும் என் பங்குக்கு நடுக்கதவைத் திறந்துவிட்டேன். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, என் பொய்யைத் திறந்தேன், அவ்வளவுதான். நீக்கிய வீடியோவையும் மறுபடி ஏற்றிவிட்டேன், கீழே வந்து விழுகிற வசவுகளையும் அழிக்காமல், ஒன்றையும் வெட்டாமல். அக்ஷரா குரல் அதில் தெளிவாக இருக்கிறது. பார்.

இனி நான் கேட்க வந்தது. நீ உன் வாயால் சொல்ல வேண்டும். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாதே, அது போன ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது, திரும்பி வரும்போது வரட்டும். உனக்கு மனது ஒப்பினால் மட்டும் சொல். மாப்பிள்ளையிடம் முதலில் பேசு, அவர் சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளை, புரிந்துகொள்வார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தேவகோட்டையில் அவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. உன் கல்யாணத்தில் ஒரு முகச்சுளிப்புகூட வரக் கூடாது என்று ஆசைப்படுகிற அப்பன்தான் நானும். அதையும் மீறித்தான் கேட்கிறேன். நீ வேண்டாம் என்று சொன்னாலும் நீ என் மகள்தான், அப்போது நானே போய் நாச்சியாபுரம் கொட்டகைக்கு ஃபேன் மாட்டிக் கொடுப்பேன், வீடியோ எடுக்காமல்.

இன்னொன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் உனக்குக் கணக்கு வராமல் டீச்சர் சனிக்கிழமைகளில் நம் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தாரே, அவர் எந்த வாசல் வழியாக வந்து போனார் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. நீ அவரை வழியனுப்பப் போவாய், திரும்பி வரும்போது உன் கால் எப்போதும் ஈரமாக இருக்கும், கிணற்றடியில் நடந்த ஈரம்.

சைக்கிளில் போகும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகாதே. குளிர் விட்டுவிட்டது என்று ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்காதே. புடவை நிறத்தை மாற்றுவதென்றால் இந்த வாரமே சொல், நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டால் மாற்ற முடியாது. உடம்பும் மனதும் திடமாக, நினைத்த காரியமெல்லாம் கைகூடி, தையில் நீ நம் வாசலில் வந்து இறங்குகிற நாளைப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் நல்லபடியாகக் காட்டட்டும். என் ஆசியும் உன் அம்மா அகிலாண்டேஸ்வரியின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, டீச்சர் விலாசம் எழுதிக் கொடுக்கிற நாள் திங்கட்கிழமை, அதற்குள் பதில் வேண்டும். பதிலை எனக்குத் தனியாக அனுப்பாதே ரஞ்சனி. தனியாக அனுப்பினால் அதுவும் நீலக் கதவு வழியாக வந்த மாதிரிதான். சரியோ வேண்டாமோ, அந்த வீடியோவையும் சேர்த்துப் பகிர்ந்து, நம் குடும்பக் குரூப்பில், பெரியப்பச்சி, சித்தப்பன் பிள்ளைகள், மாப்பிள்ளை எல்லோரும் பார்க்க, முகப்பு வழியாகச் சொல்.

உன் பதிலுக்கு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் வைக்காமல்,
உன் அப்பச்சி
காசிவிஸ்வநாதன்
கொத்தமங்கலம்